ஆற்றைப் பறித்தார்கள்... மாவைக் கொடுத்தார்கள்!

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸிலிருந்து தெற்கே டூசான் நகருக்குப் போகிறது ஐ-10 நெடுஞ்சாலை. நகரத்துக் கட்டடங்கள் முடிந்து பாலைவனம் தொடங்கிய சற்று நேரத்தில் ஒரு பாலம் வரும். 'ஹீலா ஆறு' என்கிறது பெயர்ப்பலகை. எட்டிப் பார்த்தால் கீழே மணல். வருடத்தில் பெரும்பாலான நாள்கள் வெறும் மணல்தான். வறண்ட வைகையைப் பார்த்துப் பழகிய மதுரைக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

பாலத்தின் இரண்டு பக்கமும் விரிந்து கிடப்பது ஹீலா ஆற்றுப் பழங்குடியினரின் நிலம். சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். 1859-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்கென ஒதுக்கியது. வெளியுலகம் இவர்களைப் 'பிமா' என்று அழைக்கிறது. ஸ்பானியர்கள் வந்து ஏதேதோ கேட்டபோது, 'தெரியாது' என்று இவர்கள் சொன்ன வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு: அகிமெல் ஓதம். 'ஆற்று மக்கள்' என்று அர்த்தம்.

சக்கட்டோன் என்ற சிறிய ஊர்தான் இவர்களின் தலைநகர். அகலமான தெருக்கள், தாழ்வான வீடுகள், வாசலில் நிழலுக்குப் போட்ட பந்தல், தூரத்தில் சாம்பல் நிற மலைகள். இரண்டாம் உலகப்போரில் இவோ ஜிமா தீவில் ஆறு வீரர்கள் சேர்ந்து கொடியை நட்ட புகைப்படம் உலகப்புகழ் பெற்றது. அதில் ஒருவரான ஐரா ஹேய்ஸ் இந்த மண்ணின் பிள்ளை. அவர் பெயரில் ஊருக்குள் பூங்கா இருக்கிறது. பள்ளி, தேவாலயம், மருத்துவமனை என்று சிற்றூருக்கு உரிய எல்லாம் இருக்கின்றன. சிற்றூருக்குப் பொருந்தாத ஒன்றும் இந்தச் சமூகத்தில் உண்டு... டயாலிசிஸ் மையங்கள்.

காரணம் சர்க்கரை நோய். 1963-ல் மூட்டுவாதம் பற்றிக் கணக்கெடுக்க வந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள், வந்த வேலையைவிட வேறொன்றைப் பார்த்துத் திகைத்தார்கள். யாருக்கு ரத்தம் எடுத்தாலும் சர்க்கரை எகிறிக்கிடந்தது. 1965-ல் முறையான ஆய்வைத் தொடங்கினார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் அது நீண்டது. 35 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்று நம்பிய டைப்-2 சர்க்கரை, இங்கே 1970-களிலேயே குழந்தைகளுக்கும் வந்தது.

குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுப்பார்களே... அந்தப் பரிசோதனைக்கு சக்கட்டோன்காரர்கள் அளவுக்குக் கையை நீட்டியவர்கள் உலகில் குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை வரிசையில் நின்றார்கள். இரண்டு மணி நேர அளவு 200-ஐத் தாண்டினால் சர்க்கரை நோய் என்று இன்று மதுரையிலும் மாயவரத்திலும் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறார்களே, அந்த எல்லைக்கோட்டை 1970-களின் இறுதியில் வகுத்தபோது பெரிதும் உதவியது இவர்களின் ரத்தம்தான். அந்த வகையில் உலகமே இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன் பெரிதாகத் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் வார்த்தைக்கும் இந்த ஊர்தான் பெரிய சாட்சி. விஷயம் இதுதான். சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் வந்து நிற்கிறது. இன்சுலின் தசைகளின் வாசலில் போய், 'சரக்கு வந்திருக்கிறது, கதவைத் திற' என்று குரல் கொடுக்கிறது. ஆரோக்கியமான உடம்பில் ஒரு குரலுக்குத் திறந்துவிடும். இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் வந்த உடம்பில், கேட்டும் கேட்காததுபோல இருக்கும். கணையம் இன்னும் உரக்கக் கத்தும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினை இறைக்கும். வருடக்கணக்கில் கத்தி ஒருநாள் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டில் சர்க்கரை தெரியும். சர்க்கரை அளவு 'நார்மல்' என்று வந்த பிமா மக்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், அந்த நார்மல் காலத்திலேயே உள்ளுக்குள் கதவுகள் அடைபட்டிருந்தவர்களுக்கும், கணையம் தளரத் தொடங்கியவர்களுக்கும்தான் பின்னாளில் நோய் வருகிறது என்று 1993-ல் எழுதினார்கள்.

சரி, இந்த மக்கள் அப்படி என்னதான் சாப்பிட்டார்கள்?

இங்கேதான் கதை திரும்புகிறது. இவர்களின் பழைய உணவில் கிடைத்த சக்தியில் 100-க்கு 70 பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மாவுச்சத்துதான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சோளம் தின்றார்கள். பூசணி தின்றார்கள். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியப் பாதிரியார்கள் கோதுமையைக் கொண்டுவந்த பிறகு, அதையும் விளைவித்து, வறுத்துக் கல்லில் அரைத்துக் கரைத்துக் குடித்தார்கள். ஆற்றில் மீன் இருந்தது. கோடையில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும் சவாரோ கள்ளியின் சிவந்த பழங்களைத் தொரட்டிக்கம்பால் பறித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு. ஒன்று, மெஸ்கீட் மரத்தின் நெற்று. தமிழ்நாட்டில் வெட்டு, வேரோடு பிடுங்கு என்று எதிரியாகப் பார்க்கிறோமே சீமைக்கருவேலம், அதன் நெருங்கிய உறவு இந்த மரம். நெற்றை இடித்து மாவாக்கினால் இயல்பாகவே இனிக்கும். ஆனால், அதிலுள்ள பிசின் போன்ற நார்ச்சத்து அந்த இனிப்பை ரத்தத்துக்குள் அவசரமாக ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. இன்னொன்று டெப்பரி பீன்ஸ். நம் தட்டைப்பயறைவிடச் சிறியது. பாலைவன வெயிலுக்கென்றே பிறந்தது. 1990-ல் இந்தப் பழைய உணவுகளை ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது, சர்க்கரை மெதுவாகத்தான் ஏறியது. இன்சுலினும் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

இந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஆறு இருந்தது. ஹோஹோகம் என்ற முன்னோர்கள் வெட்டிய வாய்க்கால்கள் இந்தச் சமவெளியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. பக்கத்தில் காஸா கிராண்டே என்ற இடத்தில் அவர்கள் மண்ணால் எழுப்பிய நான்கு அடுக்குக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்த வழிவந்த பிமா மக்கள் வாய்க்கால் வெட்டுவதிலும் மடை திருப்புவதிலும் கெட்டிக்காரர்கள். 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கிழக்கிலிருந்து பெருங்கூட்டம் கிளம்பியது. பாலைவனத்தில் வாடி வந்த அவர்களுக்குக் கோதுமையும் தண்ணீரும் கொடுத்துக் கரையேற்றியவர்கள் இவர்கள்தான். ராணுவத்துக்கே கோதுமை விற்றார்கள். அன்றைக்கு அரிஸோனாவில் பெரிய விவசாயிகள் என்றால் இந்தப் பழங்குடிகள்தான்.

சோறு தின்று போனவர்கள் சும்மா போகவில்லை. சிலர் திரும்பி வந்து மேற்பகுதியில் குடியேறினார்கள். 1870-களில் ஆற்றைத் தங்கள் வயலுக்குத் திருப்பத் தொடங்கினார்கள். 1880-களின் இறுதியில் புதிதாக வெட்டிய பெரிய கால்வாய் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. கடைமடை காய்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கம் விளக்க வேண்டியதில்லை. ஆற்று மக்களுக்கு ஆறு இல்லை. அடுத்து வந்த காலத்தைப் 'பஞ்ச வருடங்கள்' என்றே குறிப்பிடுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றார்கள். நெற்று தந்த மரமும் போயிற்று. 1930-ல் கூலிட்ஜ் அணையைத் திறந்தபோது, 'இது உங்களுக்காகத்தான்' என்றார்கள். வந்த தண்ணீர் சொன்ன வாக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அரசாங்கம் வேறொன்றைக் கொடுத்தது. ரேஷன். வெள்ளை மாவு, சர்க்கரை, பன்றிக்கொழுப்பு, பிற்காலத்தில் டப்பாவில் அடைத்த இறைச்சியும் கட்டிப் பாலாடையும். கையில் இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்? மாவில் உப்பும் பேக்கிங் பவுடரும் போட்டுப் பிசைந்து, கையிலேயே தட்டி, கொதிக்கும் கொழுப்பில் போட்டால் பொன்னிறமாக உப்பி வருவதுதான் ஃப்ரை பிரெட். சோளா பூரியின் அமெரிக்கச் சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். நவஹோ பழங்குடிகளிடம் பிறந்தது என்பார்கள். 1864-ல் ராணுவம் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து நியூ மெக்ஸிகோவில் அடைத்துவைத்தபோது, உயிர் பிழைக்கத் தட்டிப் பொரித்த ரொட்டி. பிமா மக்கள் இதைப் 'பாப்ஓவர்' என்கிறார்கள். மேலே தேன் ஊற்றியும் சாப்பிடலாம், காரமான மிளகாய்க் குழம்பும் பீன்ஸும் வைத்தும் சாப்பிடலாம். பேப்பர் தட்டு அளவுக்கு ஒன்று என்றால் சுமார் 700 கலோரி என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு.

கலோரிக் கணக்கைச் சொன்னால் சக்கட்டோன் பாட்டிகள் சிரிப்பார்கள். அவர்கள் போட்டுக் கொடுப்பது 700 கலோரியை அல்ல. சாவு வீட்டிலும் பாப்ஓவர், திருவிழாவிலும் பாப்ஓவர். பேரன் ஊரிலிருந்து வந்தால் பாப்ஓவர். 'முல்-சூ-தா' என்று வருடாவருடம் சக்கட்டோனில் நடக்கும் திருவிழாவில், குதிரை ஏறும் போட்டிகளுக்கும் அணிவகுப்புக்கும் நடுவே கடைகளில் எண்ணெய் கொதித்துக்கொண்டே இருக்கும். பஞ்சத்தில் பிழைக்க வைத்த பண்டம், மூன்று தலைமுறையில் அம்மா கைமணமாகிவிட்டது. விஷம் என்று தெரிந்தே ஒரு பொருளை விட்டுவிடலாம். அம்மா கைமணத்தை எப்படி விடுவது?

ஆறுதலுக்குச் சாப்பிடுவது என்பது மன உறுதி இல்லாதவர்களின் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. உடம்பு அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து கவலையில் இருக்கும் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இனிப்பையும் கொழுப்பையும் கேட்கிறது. கிடைத்தால் கொஞ்ச நேரம் பதற்றம் அடங்குகிறது. எலிகளை வைத்து இதை ஆராய்ந்த மேரி டால்மன் குழுவினர் 2003-ல் விரிவாக எழுதினார்கள். வீட்டில் மனஸ்தாபம் வந்த மாலையில் தன்னால் மிக்ஸர் டப்பாவைத் தேடிப் போகும் கைக்கும் இதே கதைதான். கஷ்டம் என்னவென்றால், அதே கார்ட்டிசால் இன்சுலினின் பேச்சைக் கேட்கவிடாமலும் செய்கிறது. ஆறுதலாகத் தின்றது இடுப்பில் போய்ச் சேர்ந்து, கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறது. நிலமும் ஆறும் தொழிலும் போன ஒரு சமூகத்துக்குக் கவலை எத்தனை தலைமுறைக்கு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டால், பாப்ஓவர் மீதுள்ள பிரியம் அவ்வளவு ஆச்சரியமாகத் தோன்றாது.

2005-ல் ஒரு வேடிக்கை நடந்தது. சூசன் ஷோன் ஹார்ஜோ என்ற பழங்குடி எழுத்தாளர், 'புத்தாண்டு முதல் ஃப்ரை பிரெட்டைத் தொட மாட்டேன். அது நம் பாரம்பரியமே இல்லை' என்ற பொருளில் காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். சொந்த ஜனங்களிலேயே பலர் கொதித்துப்போனார்கள். அதே வருடம் தெற்கு டகோட்டா மாநிலம் ஃப்ரை பிரெட்டைத் தன் அதிகாரபூர்வ ரொட்டியாக அறிவித்துக் கௌரவித்தது! இரண்டு தரப்பையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் சங்கடம்.

'எல்லாம் இவர்கள் மரபணுவின் கோளாறு' என்று ஒரு வாதம் நீண்ட காலம் ஓடியது. 1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர், பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு கிடைத்ததைச் சேமித்து வைக்கும், அந்தச் சிக்கன குணமே வசதிக்காலத்தில் நோயாகிவிடும் என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், எல்லைக்கு அப்பால், மெக்ஸிகோவின் சொனோரா மாநில மலைகளில் மைகோபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்களும் பிமா மக்கள்தான். இதே வம்சம், நெருங்கிய மொழி. பீன்ஸும் சோள ரொட்டியும் கோதுமை ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. கவனியுங்கள், அங்கும் மாவுச்சத்துதான். ஆனால், அந்த மலைச்சரிவில் பிழைப்பு என்றாலே உடம்பு உழைப்பு. 2006-ல் வெளியான ஒப்பீட்டில், அமெரிக்கப் பக்கத்துப் பிமா மக்களில் 100-க்கு 38 பேருக்குச் சர்க்கரை நோய். மைகோபாவில் 7 பேருக்கு. ரத்தம் ஒன்றுதான், அமைந்த வாழ்க்கைதான் வேறு.

தெரிந்துவிட்டது அல்லவா, இனி மாற வேண்டியதுதானே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. கே.எம். வெங்கட் நாராயண் என்ற ஆய்வாளரின் தலைமையில் 1990-களில் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். உடல் பருமன் உள்ள, ஆனால் இன்னும் சர்க்கரை நோய் வராத 95 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையான உணவுத் திட்டம், உடற்பயிற்சித் திட்டம். இது 'பிமா ஆக்‌ஷன்'. இன்னொரு குழுவுக்கு இது எதுவும் கிடையாது. அவ்வப்போது கூடி உட்கார்ந்து தங்கள் வரலாறு, தங்கள் பழக்கவழக்கம், முன்பு எப்படி வாழ்ந்தோம் என்று பேச வேண்டியது. பேசுவதற்கு ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். இது 'பிமா ப்ரைட்'... பிமாவின் பெருமை.

ஒரு வருடம் கழித்து எடை போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழுக்களுமே எடை கூடியிருந்தன. ஆனால், டயட் திட்டம் கொடுத்த குழு சராசரியாக 2.5 கிலோ கூடியிருந்தது. கதை பேசிய குழு 0.8 கிலோதான். குளுக்கோஸ் குடித்த பின் பார்த்த சர்க்கரை அளவிலும் கதை பேசியவர்களே மேல்! சிறிய சோதனைதான், இதை வைத்து டயட்டே வேண்டாம் என்று கிளம்பிவிட முடியாது. ஆனாலும், 'இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே' என்று ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்தவரிடம் போய் இன்னும் ஒன்றைப் பறிப்பது எவ்வளவு தூரம் எடுபடும் என்று இந்த எண்கள் யோசிக்க வைக்கின்றன.

டயட்டும் நடையும் பலிக்காமல் இல்லை. பிமா மக்களும் சேர்ந்த, 3,234 பேர் கலந்துகொண்ட மிகப் பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. எடையில் 7 சதவிகிதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்குகளோடு முயன்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்ததோ 31 சதவிகிதம். இதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் பலரும் பேசுகிறார்கள். அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பயிற்சியாளர் இருந்தார். உட்கார்ந்து பேச, தவறிய வாரத்தில் திட்டாமல் மறுபடி ஆரம்பிக்க வைக்க, ஓர் ஆள். கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியதால் கிடைத்த 58 அல்ல அது.

ஆற்றுக்கு வருவோம். தண்ணீருக்கான சட்டப் போராட்டம் தலைமுறை தலைமுறையாக நடந்து, 2004-ல் ஒரு சட்டமாக முடிந்தது. வருடத்துக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீர் இந்தச் சமூகத்துக்கு உரியது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஓர் ஏக்கர்-அடி. அதில் ஏறக்குறைய பாதி கொலராடோ ஆற்றுத் தண்ணீர். தூரத்திலிருந்து கால்வாயில் வருகிறது. புதிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. காஸா பிளாங்கா என்ற இடத்தில் வாய்க்கால் மேலேயே சோலார் பலகைகளைக் கூரையாகப் போட்டு, 2024-ல் அமெரிக்காவுக்கே முன்னோடியானார்கள். குஜராத்தில் நர்மதைக் கால்வாய் மேல் இது முன்பே வந்துவிட்டது என்பது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். காய்ந்த ஆற்றுப்படுகையின் ஒரு பகுதியில், நிலத்தடியை நிரப்புவதற்காகத் தண்ணீரை விடுகிறார்கள். அங்கே சம்பங்கோரை முளைத்திருக்கிறது. பறவைகள் வந்துவிட்டன. பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள்.

டெப்பரி பீன்ஸும் திரும்பியிருக்கிறது. சக்கட்டோனில் ரமோனா பட்டன் என்ற பிமா பெண்மணியும் அவர் கணவரும் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். 'அந்தப் பழைய பயறு கிடைக்குமா?' என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். ரமோனாவுடைய அப்பாவின் பழைய மண் வீட்டில் ஒரு பெட்டி. அதற்குள் கண்ணாடி ஜாடிகளில் விதைகள். வெள்ளை ஒன்று, பழுப்பு ஒன்று. அந்த விதைகளிலிருந்து தொடங்கியதுதான் இன்றைய ரமோனா ஃபார்ம்ஸ். இப்போது பாக்கெட் போட்டு வெளியூர்களுக்கும் அனுப்புகிறார்கள்.

சமைக்க நேரம் பிடிக்கும் பயறு இது. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் மணிக்கணக்கில் சின்னத் தீயில் வேகவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு மாவுதான் வசதி. பயிர் செய்வதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஜூலையில் இடியோடு வரும் கோடை மழையை ஒட்டி விதைக்கிறார்கள். ஈரம் அளவாக இருந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் காய்த்துவிடும். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அதிகமாகப் பாய்ச்சினால் கொடி இலையாக மண்டும், காய் பிடிக்காது. எவ்வளவு போதும் என்பதை வயலில் நின்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். இன்னும் பாப்ஓவரும் போடுகிறார்கள். சில வீடுகளில் மேலே வைப்பது டெப்பரி பீன்ஸ்.